கேபிளைப் பிடுங்கிய பாடத்துக்காகவே வாங்கலாம்: ஓர் ஆர்எம்ஐ கோர்ஸ் விமர்சனம்

நான் ஜாவா எழுத ஆரம்பித்த காலத்திலேயே எல்லாரும் ஹெச்டிடிபி வழியாகப் பேசும் ரெஸ்ட் ஏபிஐ பக்கம் போய்விட்டிருந்தார்கள். ஆர்எம்ஐ (ரிமோட் மெத்தட் இன்வொகேஷன்) என்பது ஒரு மெஷினில் ஓடும் ஜாவா புரோகிராம், வேறு மெஷினில் ஓடும் புரோகிராமின் மெத்தடை, அதாவது செயல்பாட்டை, நெட்வொர்க் வழியாகக் கூப்பிடும் பழைய வழி. அந்தப் பெயரை நேர்முகத் தேர்வுக் கேள்விகளில் பார்த்ததோடு சரி. இந்த வருஷம் அது என் மேஜைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஆபீஸில் சரக்கு இருப்புக் கணக்கை வைத்திருக்கும் பழைய சர்வர் ஒன்று உண்டு. அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கிளம்பும் நாளில் என்னிடம், "பயப்படாதீங்க, அது பாட்டுக்கு ஓடும். ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க" என்றார்.

மூன்றாவது வாரமே மெஷினை மாற்ற வேண்டி வந்தது. புது லினக்ஸ் மெஷினில் சர்வர் ஒழுங்காகத்தான் எழுந்தது. ஆனால் ஒரு கிளையண்ட் கூட அதோடு பேசவில்லை. வேறு வழியில்லாமல் பழைய மெஷினுக்கே திரும்பிப் போனோம். "ஒரு மாசம் எடுத்துக்கோ, முழுசாப் படிச்சிட்டு வா" என்றார் மேனேஜர். அப்படித்தான் இந்த வீடியோ கோர்ஸை வாங்கினேன். 62 வீடியோ, மொத்தம் 14 மணி நேரம்.

கோர்ஸின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குறைகளை எழுதி அனுப்பியதும், பாதி வீடியோக்களைத் திரும்பப் பதிவு செய்யப் போவதாக ஆசிரியர் பதில் போட்டார். பழைய பதிப்பை வைத்து மனிதரின் பெயரைக் கெடுக்க மனசில்லை. ஆனால் நான் குறை சொல்லும் இடங்கள் இந்த ஒரு கோர்ஸோடு முடிவதில்லை. ஆர்எம்ஐ பற்றி எதை வாங்கினாலும் பாடப் பட்டியலைத் திறந்து இந்த இடங்களை முதலில் பாருங்கள்.

முதலில் நல்லது. ஆரம்பப் பாடங்கள் அருமை. மனிதர் ஐடிஇ எதையும் திறப்பதில்லை. கறுப்புத் திரை, ஒரு எடிட்டர், அவ்வளவுதான். ஓர் இன்டர்ஃபேஸ் எழுதுகிறார், அது ரிமோட் என்பதை எக்ஸ்டெண்ட் செய்கிறது. ஒவ்வொரு மெத்தடும் ரிமோட்எக்ஸெப்ஷன் எறியும் என்று அறிவிக்க வேண்டும். அப்புறம் அதை இம்ப்ளிமெண்ட் செய்யும் கிளாஸ். அதை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது வெளியிலிருந்து கூப்பிடத் திறந்துவிட்டு, 1099-ஆம் போர்ட்டில் (மெஷினின் வாசல் எண்) ஓடும் ரெஜிஸ்ட்ரி என்ற பெயர்ப் பதிவேட்டில் ஒரு பெயரில் கட்டிவைக்கிறார். கிளையண்ட் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஸ்டப் வந்து சேர்கிறது. நாலாவது வீடியோ முடியும்போது என் மெஷினிலும் இதெல்லாம் ஓடிவிட்டது.

ஸ்டப் என்றால் என்ன என்பதற்கு அவர் அம்புக்குறி போட்ட படங்கள் நிறைய வரைகிறார். எனக்கு அது ஆள்மாறாட்டம் என்று புரிந்துகொண்டதும்தான் மனதில் ஒட்டியது. முன்னால் நிற்பவன் அசல் ஆள் மாதிரியே இருப்பான், அதே மெத்தடுகள் இருக்கும், கூப்பிட்டால் பதில் சொல்வான். ஆனால் அவன் எதையும் செய்வதில்லை. கேட்டதைக் கட்டி நெட்வொர்க் வழியாக அசல் ஆளுக்கு அனுப்பி, வந்த பதிலைப் பிரித்து நம்மிடம் கொடுக்கிறான். அந்தக் கட்டுதலும் பிரித்தலும்தான் மார்ஷலிங், அன்மார்ஷலிங். தானியங்கி சப்டைட்டில் முழுக்க அதை ஏதோ தற்காப்புக் கலை மாதிரி 'மார்ஷியல்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒன்பதாவது பாடத்தில் ஒரு சின்னப் பரிசோதனை வருகிறது. கிளையண்ட் மூன்று பொருள்கள் உள்ள அரேலிஸ்ட்டை சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதில் நாலாவதைச் சேர்க்கிறது. கிளையண்டுக்குத் திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். சாதாரண ஜாவாவில் லிஸ்ட்டைக் கொடுத்தால் அதே லிஸ்ட் போகும் என்று கை பழகியிருக்கிறது. இங்கே போவது நகல். ரிமோட்டாக எக்ஸ்போர்ட் செய்யப்பட்ட ஆப்ஜெக்டாக இருந்தால் மட்டும் அதற்குப் பதில் ஸ்டப் போகும். மற்றதெல்லாம் சீரியலைஸ் ஆகி, அதாவது பைட்டுகளாக மாறி, நகலாகத்தான் போய்ச் சேரும். அவர் விடையை முதலில் சொல்லாமல், "எத்தனை வரும்?" என்று கேட்டுவிட்டு வீடியோவை அப்படியே சில விநாடி நிறுத்துகிறார். நான் நாலு என்று சொல்லித் தோற்றேன். தோற்றதால் மறக்காது.

இனி 31-ஆவது பாடம். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அதுவரை சர்வரும் கிளையண்டும் ஒரே மெஷினில் ஓடின. இந்தப் பாடத்தில் இரண்டு லேப்டாப்பை நெட்வொர்க் கேபிளில் இணைத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். சர்வரில் ஒரு மெத்தட்: சரக்குக் கணக்கில் பத்தைக் கழித்துவிட்டு, வேண்டுமென்றே 20 விநாடி தூங்கி, அப்புறம் பதில் சொல்லும். கிளையண்டிலிருந்து அதைக் கூப்பிடுகிறார். சர்வர் தூங்கிக்கொண்டிருக்கும்போது கேமராவுக்கு நேராகக் கையை நீட்டிக் கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்.

ஏதாவது பிழைச் செய்தி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. 20 விநாடி தாண்டியது, ஒரு நிமிடம் ஆனது. அவர் எழுந்து போய்விட்டார். வீடியோவை வேகமாக ஓட்டிக் காட்டுகிறார், மூலையில் கடிகாரம் மட்டும் நகர்கிறது. பத்து நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தபோதும் கிளையண்ட் அதே வரியில் வாய் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறது. கிளையண்ட் எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதற்கான அமைப்பு சன்.ஆர்எம்ஐ.டிரான்ஸ்போர்ட்.டிசிபி.ரெஸ்பான்ஸ்டைம்அவுட். நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அதன் மதிப்பு பூஜ்யம், அதாவது கெடுவே கிடையாது.

அடுத்து அதை 5000 மில்லிசெகண்டாக வைத்து மறுபடி ஓட்டுகிறார். இந்த முறை ஐந்து விநாடியில் எக்ஸெப்ஷன் வருகிறது: அன்மார்ஷல்எக்ஸெப்ஷன், அதற்குள்ளே சாக்கெட் டைம்அவுட். அப்பாடா என்று இருக்கும். அப்போது கேட்கிறார்: "சரி, இப்போது சரக்கு குறைந்ததா, குறையவில்லையா?"

கிளையண்டைக் கேட்டால் தோல்வி என்கிறது. சர்வர் லேப்டாப்பைத் திருப்பி டேட்டாபேஸைக் காட்டுகிறார். பத்து குறைந்திருக்கிறது. எக்ஸெப்ஷன் வந்ததே என்று கிளையண்ட் மறுபடி கூப்பிட்டால் இன்னொரு பத்து போகும். தோல்வி என்பதும் பதில் வரவில்லை என்பதும் வேறு வேறு. ஒரே மெஷினுக்குள் எழுதும்போது இந்த வித்தியாசமே இருப்பதில்லை. மெத்தட் முடிந்தது, இல்லாவிட்டால் எக்ஸெப்ஷன் எறிந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு மெத்தட் தலையிலும் ரிமோட்எக்ஸெப்ஷனை எழுதச் சொல்லி ஜாவா ஏன் அடம்பிடிக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. இதற்கு அவர் காட்டும் வழி எளிது: ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையண்டே ஓர் அடையாள எண் கொடுக்கட்டும், அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் கழிக்காமல் பழைய பதிலையே திருப்பிச் சொல்லட்டும்.

அந்தப் பாடம் முடிந்ததும் எங்கள் பழைய கோடைத் திறந்து ரிமோட்எக்ஸெப்ஷன் என்று தேடினேன். இருப்பைக் கழிக்கும் இடத்தில் ஒரு லூப். எக்ஸெப்ஷன் வந்தால் அதை லாகில்கூட எழுதாமல் விழுங்கிவிட்டு மறுபடி கூப்பிடுகிறது, மொத்தம் மூன்று முறை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கில் இருப்பது அலமாரியில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கிறது என்று கிடங்கு ஆட்கள் எப்போதும் புகார் சொல்வார்கள், நாங்கள் அவர்களைச் சரியாக எண்ணச் சொல்வோம்.

இதே பாடத்தை நானே செய்து பார்க்கலாம் என்று இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தபோதுதான் கோர்ஸின் முதல் ஓட்டை தெரிந்தது. என் சர்வர் லேப்டாப்பில் உபுண்டு. கிளையண்டில் ரெஜிஸ்ட்ரியைத் தேடினேன், ஸ்டப் கிடைத்தது. மெத்தடைக் கூப்பிட்டேன்: கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் டு ஹோஸ்ட், 127.0.1.1. புது மெஷினுக்கு மாறிய அன்று ஆபீஸில் எல்லாத் திரையிலும் வந்த அதே வரி!

வரவேற்பறையில் போய் ஒருவரைக் கேட்கிறோம், அவருடைய விசிட்டிங் கார்டைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'என் வீடு' என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. அதைப் படித்தவன் நேரே தன் வீட்டுக்குப் போய் நின்று கதவைத் தட்டுகிறான். ஸ்டப்புக்குள் சர்வரின் முகவரி எழுதப்பட்டிருக்கும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் ஹோஸ்ட்ஸ் ஃபைல் மெஷினின் பெயரை 127.0.1.1 என்று காட்டுவது வழக்கம். 127-ல் தொடங்கும் முகவரி என்றால் 'இதே மெஷின்' என்று அர்த்தம். ஜாவா அதையே எடுத்து ஸ்டப்பில் எழுதிவிடுகிறது. கிளையண்ட் அந்த முகவரியைப் பார்த்துத் தன்னையே தட்டுகிறது. சர்வரைக் கிளப்பும்போது ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம் என்பதற்கு உண்மையான ஐபியைக் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் முதல் ஆப்ஜெக்டை எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே அது இருக்க வேண்டும். நான் கோடுக்குள்ளே கீழே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு ஒரு மணி நேரம் முழித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய மெஷினில் ஹோஸ்ட்ஸ் ஃபைலை யாரோ எப்போதோ கையால் திருத்தி வைத்திருந்தார்கள், அதனால்தான் ஓடியது. 62 வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆசிரியரின் லேப்டாப்புகளில் இந்தச் சிக்கல் வராமல் போயிருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஆர்எம்ஐயை இரண்டு மெஷினில் ஓட்டிப் பார்க்கும் பாதிப் பேர் முட்டிக்கொள்ளும் இடம் இது.

ஃபயர்வால் கதையும் இதற்குத் தம்பி. 1099-ஐத் திறந்துவிட்டால் போதும் என்கிறார். போதாது. அது ரெஜிஸ்ட்ரியின் போர்ட் மட்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது போர்ட் இடத்தில் பூஜ்யம் கொடுத்தால், கையில் கிடைத்த ஏதோ ஒரு போர்ட்டில் ஆப்ஜெக்ட் உட்காரும், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் வேறு போர்ட். ரெஜிஸ்ட்ரியை சர்வர் ஓடும் அதே ஜேவிஎம்முக்குள்ளேயே (ஜாவா கோடை ஓட்டும் மென்பொருள்) ஆரம்பித்து, ஆப்ஜெக்டையும் 1099-லேயே எக்ஸ்போர்ட் செய்தால் ஒரே போர்ட்டில் வேலை முடிந்துவிடும். இதை நான் வெளியே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த குறை பெரியது: வயசு. கோர்ஸை ஜாவா 8-ல் பதிவு செய்திருக்கிறார். நான் ஓட்டியது ஜாவா 21. ஆர்எம்ஐ 1997-ல் ஜாவா 1.1-உடன் வந்த சரக்கு, அதில் என்ன பெரிதாக மாறியிருக்கப் போகிறது என்று நானும் நினைத்தேன். மெத்தடைக் கூப்பிடும் அடிப்படை மாறவில்லைதான். சுற்றியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள்.

ஆர்எம்ஐசி என்ற கருவியால் ஸ்டப் செய்வதற்கு இரண்டு வீடியோ. ஜாவா 5-க்கு அப்புறம் ஸ்டப்பை ஓடும் நேரத்தில் ஜேவிஎம்மே செய்துகொள்ளும். அந்தக் கருவியையே ஜாவா 15-ல் எடுத்துவிட்டார்கள். என் மெஷினில் அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. யாராவது கூப்பிடும்போது மட்டும் ஆப்ஜெக்டை எழுப்பும் ஆக்டிவேஷன் பற்றி ஐந்து வீடியோ. அது ஜாவா 17-ல் போய்விட்டது. கோடு எதையெல்லாம் செய்யலாம் என்று காவல் காக்கும் செக்யூரிட்டி மேனேஜர், அதன் விதிகளை எழுதும் பாலிசி ஃபைல் பற்றி ஆறு வீடியோ. அவர் சொன்னபடி செக்யூரிட்டி மேனேஜரை வைக்கும் வரியை எழுதினேன், முதல் வரியிலேயே அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்ஸெப்ஷன். ஜாவா 17-ல் அதற்கு நாள் குறித்தார்கள். 18-லிருந்து தனியாக அனுமதி கொடுத்தால்தான் வைக்க முடியும். 24-ல் நிரந்தரமாகவே முடக்கிவிட்டார்கள். செக்யூரிட்டி மேனேஜர் இல்லாமல் ஆர்எம்ஐ தொலைவிலிருந்து கிளாஸ்களை இறக்காது. எனவே கோட்பேஸ் வழியாக கிளாஸ் ஃபைல்களை வெப் சர்வரிலிருந்து இழுக்கும் நான்கு வீடியோவும் அதோடு சேர்ந்து போயிற்று.

எல்லாம் சேர்த்து 17 வீடியோ, கிட்டத்தட்ட நாலு மணி நேரம் தண்டம். பழைய கோடைப் படிக்க வேண்டியவர்களுக்கு அந்த வரிகள் என்ன செய்தன என்று தெரிந்தால் நல்லதுதான். அதற்கு இருபது நிமிடம் போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. ஆர்எம்ஐ முழுக்க சீரியலைசேஷன் மேல் நிற்கிறது. யாரோ அனுப்பும் பைட்டுகளைப் பிரித்து ஆப்ஜெக்டாக்குவது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். 2021 டிசம்பரில், ஜாவாவில் லாக் எழுத உதவும் லாக்4ஜேயின் ஓட்டை வெளிவந்தபோது, பெயரைச் சொல்லி ஆப்ஜெக்டைத் தேடித் தரும் ஜேஎன்டிஐ வசதி மூலமாக எல்டாப் (அடைவு நெறிமுறை), ஆர்எம்ஐ இரண்டு வழியிலும் புகுந்தார்கள். எந்தெந்த கிளாஸை உள்ளே விடலாம் என்று சொல்லும் சீரியலைசேஷன் ஃபில்டர் ஜாவா 9-ல் வந்தது, ஜாவா 8-க்கும் பின்னால் கொடுத்தார்கள். ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு ஃபில்டர் தானாகவே இருக்கிறது. நம்முடைய ஆப்ஜெக்டுகளுக்கு நாம்தான் போட வேண்டும். கோர்ஸில் இதற்கு ஒரு வீடியோகூட இல்லை. தகவல் எல்லாம் மூடாமல் வெட்டவெளியில் போகிறது, வேண்டுமானால் எஸ்எஸ்எல் சாக்கெட் ஃபேக்டரி கொடுத்துக்கொள்ளலாம் என்பதும் இல்லை. கடைசிப் பாடத்தில், "இப்போது உங்கள் சர்வரை இன்டர்நெட்டில் வைக்கலாம்" என்கிறார். தயவுசெய்து வைக்காதீர்கள்.

த்ரெட் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைச் சரடு) பற்றி ஏழு நிமிடத்தில் ஒரே வீடியோ. பல கிளையண்டுகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒரே ஆப்ஜெக்டுக்குள் பல த்ரெட்டுகள் நுழையும், பூட்டு நம் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சரியாகத்தான் சொல்கிறார், ஒரு பரிசோதனையும் காட்டியிருக்கலாம்.

அதற்கு நேர்மாறாக, நெட்வொர்க்கைத் தாண்டிய கார்பேஜ் கலெக்ஷன் (யாருக்கும் வேண்டாத ஆப்ஜெக்டுகளை அப்புறப்படுத்துவது) பகுதி சுவாரசியம். கிளையண்ட் பிடித்து வைத்திருக்கும் ஆப்ஜெக்டுக்குக் குத்தகை உண்டு, வழக்கமாகப் பத்து நிமிடம். கிளையண்ட் உயிரோடு இருக்கும்வரை பாதி நேரத்திலேயே அதைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். இங்கேயும் கேபிளைப் பிடுங்குகிறார். பத்து நிமிடத்துக்கு மேல் கொஞ்சம் ஆனதும், இனி இவனுக்கு ஆள் இல்லை என்று சர்வர் அந்த செஷன் ஆப்ஜெக்டை விடுவிப்பதை லாகில் காட்டுகிறார். இந்த மனிதரின் திறமையெல்லாம் கேபிளில்தான் இருக்கிறது.

பயிற்சிக் கேள்விகள் வேஸ்ட். ரெஜிஸ்ட்ரியின் போர்ட் எண் என்ன என்று மூன்று இடத்தில் கேட்கிறார்கள். எழுத்து அளவு சின்னது, ஃபோனில் பார்க்க முடியாது.

புதிதாக ஒன்று கட்டப் போகிறவர் இதை வாங்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஜாவாவாக இருந்தால்தான் ஆர்எம்ஐ உதவும். நாளைக்கு ஒரு பக்கம் வேறு மொழி வந்தால் ஜிஆர்பிசியோ சாதாரண ஹெச்டிடிபியோதான் கதி. என்னை மாதிரிப் பழைய சர்வரைத் தலையில் கட்டிக்கொண்டவர்களும், ஓடும் ஜாவா புரோகிராமைக் கண்காணிக்கும் ஜேகன்சோல் கருவியை வேறு மெஷினோடு இணைக்க முடியாமல் தவிப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். அந்தக் கருவி பயன்படுத்தும் ஜேஎம்எக்ஸ் என்ற கண்காணிப்பு வசதி தொலைவிலிருந்து பேசுவது வழக்கமாக ஆர்எம்ஐ மூலம்தான், அங்கேயும் அதே ஹோஸ்ட்நேம், அதே இரண்டாவது போர்ட் தலைவலிதான். 1 முதல் 14 வரை பாருங்கள், 28 முதல் 36 வரை இரண்டு முறை பாருங்கள். மற்றதை ஓட்டிவிடலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு 31-ஆவது பாடத்துக்கு.

புது மெஷினுக்குப் போன வாரம் மாறினோம். கோரிக்கைக்கு அடையாள எண் வைத்தாயிற்று, டைம்அவுட் வைத்தாயிற்று, எல்லாம் ஒரே போர்ட்டில். அன்று மாலை பழைய ஆளுக்கு ஃபோன் போட்டு, அந்த மூன்று முறை லூப்பைப் பற்றிக் கேட்டேன். "எந்த லூப்?" என்றார். படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது நான் எழுதினதில்லைங்க," என்றார். "எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. அவரும் ரீஸ்டார்ட் பண்ணாதேன்னுதான் சொல்லிட்டுப் போனார்."